விழுந்துகொண்டே ஏறும் பருந்து

ஏற்காட்டின் லேடீஸ் சீட் பாறையில் நின்றால் பருந்தின் முதுகைப் பார்க்கலாம். அண்ணாந்து வயிற்றையே பார்த்துப் பழகிய பறவை, காலடிப் பள்ளத்தில் இறக்கையை விரித்து வட்டமிட்டபடி, சற்று நேரத்தில் தலைக்கு மேலே போய்விடும். ஒருமுறைகூடச் சிறகடித்திருக்காது. இதைச் சிறகின் பலம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பருந்து விழுந்துகொண்டிருக்கிறது. காற்றைக் கிழித்து நகரும் இறக்கை, காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. இந்தத் தூக்குவிசை நகர்ந்தால்தான் கிடைக்கும். நகர்வையோ காற்றின் இழுவை விடாமல் தின்கிறது. சிறகடிக்காத பறவைக்கு அதை ஈடுகட்ட எடையைத் தவிர வேறில்லை. சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மிதிக்காமல் இறங்கும் சைக்கிளைப் போல, பருந்தும் காற்றுக்குள் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கித்தான் முன்னே செல்கிறது. எலும்பில் காற்று இருப்பதால் மிதக்கிறது என்பது சரியல்ல. அப்படியும் அதன் உடல் காற்றைவிடப் பல நூறு மடங்கு அடர்ந்தது. எடைதான் அதன் எஞ்சின்.

பிறகு எப்படி உயர்கிறது? காற்றே உயர்கிறது. சேலம் சமவெளியைவிட ஏற்காடு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயரம். இந்தச் சுவரில் மோதும் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. வெயில் ஏறியதும் சூடான தரையிலிருந்து காற்றுத் தூண்களும் எழும். தூண் நொடிக்கு மூன்று மீட்டர் ஏறினால், அதற்குள் ஒரு மீட்டர் விழும் பருந்துக்கு இரண்டு மீட்டர் லாபம். தூண் குறுகலானது என்பதால்தான் வட்டம். சாய்ந்து திரும்பும்போது தூக்குவிசையில் ஒரு பங்கு திருப்பத்துக்கே போய்விடும், சற்று வேகமாக விழவும் வேண்டும், ஆனாலும் கட்டுப்படியாகிறது.

பட்டம் வெறும் காற்றில் நிற்கவில்லையா என்று கேட்கலாம். பட்டத்துக்கு நூல் இருக்கிறது. அது அறுந்த பட்டம் என்ன ஆகிறது என்பது தெரிந்ததே. கிடையாக வீசும் காற்று, ஆறு படகைக் கொண்டுபோவதுபோலப் பறவையைச் சுமந்து செல்லுமே தவிர, தூக்காது. 1911-இல் ஆர்வில் ரைட் எஞ்சின் இல்லாத விமானத்தில் 9 நிமிடம் 45 நொடி வானில் இருந்ததும் வெட்டவெளியில் அல்ல, கடற்காற்று ஏறிவந்த மணல்மேட்டின் மேல். காற்றசையாத காலையில், வெயில் சுடுவதற்கு முன் கிளம்ப நேர்ந்தால், இதே பருந்தும் காக்கையைப் போலச் சிறகடித்துத்தான் போகவேண்டியிருக்கிறது.