தாம்பரத்திலிருந்து ஒரு நாட்பயணம்

வியன்னா போன்ற ஐரோப்பியப் பழம்பெரு நகரங்களைக் காணச் செல்வோர் பலர் வாடகைக் காரை நாடுவதில்லை. டிராம் வண்டியில் அமர்ந்தவாறே அரண்மனைகளையும் மன்றங்களையும் கண்டு மீள்வர். அத்தகைய வாய்ப்புத் தாம்பரத்து மக்களாகிய நமக்கும் உண்டு. நாள்தோறும் நம்மைப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சுமந்து செல்லும் மின்சார இரயிலே அவ்வாய்ப்பை நல்குவது. 1931-ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே இவ்வண்டிகள் ஓடத் தொடங்கின. மீட்டர் பாதையில் ஓடிய அப்பழைய வண்டிகள் 2004-ஆம் ஆண்டில் இத்தடத்திலிருந்து விடைபெற்றன. இன்று ஓடுவன அகலப்பாதை வண்டிகள்.

விடுமுறை நாளொன்றில் மாணவர் சிலருடன் காலை வண்டியில் ஏறினேன். சானடோரியம் கடந்தது, தோல் பதனிடும் தொழிற்சாலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டையும் கடந்தது. பல்லாவரத்தில் இறங்கினோம்.

இவ்வூரில் படையினரின் திடலருகே இருந்த சரளைக் குழியொன்றில், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது தானே உடைந்த கல்லன்று. மனிதன் கையால் செதுக்கப்பட்ட கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற் சான்றாய் அமைந்தது அக்கல். அவ்வாண்டிலேயே அவர் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் பழமையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்றும் உண்டு. அது இன்று தர்காவாக விளங்குகிறது. காணச் செல்வோர் அங்கு வழிபடுவோர்க்கு இடையூறின்றி நடந்துகொள்ளல் வேண்டும்.

அடுத்த நிலையம் திரிசூலம். ஒருபுறம் விமானங்கள் ஏறி இறங்க, மறுபுறம் குன்றுகளிடையே சோழர் காலத்துச் சிவன் கோயில் அமைதியாக நிற்கிறது. அக்குன்றுகள் கல்லுக்காக உடைபட்டுக் குறைந்திருப்பதைக் கண்டபோது என் மனம் வருந்தியது.

பரங்கிமலையில் நெடுநேரம் தங்கினோம். ஏறத்தாழ 300 அடி உயரமுடைய இம்மலை புனித தோமையாரோடு தொடர்புடையதென்பது மரபு. பரங்கியர் எனப்பட்ட போர்த்துக்கீசியர் 1523-இல் உச்சியில் தேவாலயம் எழுப்பினர். ஏறுவதற்குப் படிகள் அமைத்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்னும் அருமேனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் பாலம் கட்டுவித்தவரும் அவரே. பிறநாட்டிலிருந்து பொருளீட்ட வந்தவர் இத்துணை அறம் செய்தமை வியப்பன்றோ!

உச்சியில் நின்று தெற்கே நோக்குமாறு மாணவர்களிடம் கூறினேன். 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்பார் இம்மலையருகே தொடங்கிப் பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கி, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள நேர்க்கோட்டை அளக்கலானார். அளவுகோல் 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளுமாதலால், அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி கொண்டு சூட்டையும் குறித்தனர். இப்பணிக்கு 57 நாட்கள் சென்றன.

ஒரு கோட்டுக்கு இவ்வளவு பாடு எதற்கு? முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இருமுனைக் கோணங்களும் தெரிந்தால், மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். நீவிர் வகுப்பில் படிக்கும் கணிதமே இது. புதிய பக்கத்தின்மீது அடுத்த முக்கோணம், அதன்மீது மற்றொன்று என அமைத்துச் சென்றால், நாடு முழுவதையும் சங்கிலியின்றி அளந்துவிடலாம். முதற் கோட்டில் பிழை நேரின், அப்பிழை எல்லாவற்றிலும் தொடரும். இங்குத் தொடங்கிய அப்பெரும்பணி இமயம்வரை நீண்டது. 1852-ஆம் ஆண்டளவில் எவரெஸ்டுச் சிகரமே யாவற்றினும் உயர்ந்ததெனக் கணக்கிட உதவியது. லாம்டன் சங்கிலி கிடத்திய வெளியெங்கும் இன்று வீடுகளே காணப்படுகின்றன.

கிண்டியும் சைதாப்பேட்டையும் மாம்பலமும் விரைந்து அகன்றன. எழும்பூரில் இறங்கி, 1851-இல் தோன்றிய அரசு அருங்காட்சியகத்திற்கு நடந்தோம். (வெள்ளிக்கிழமை விடுமுறை; நாளறிந்து செல்க.) புரூஸ் பூட் திரட்டிய கற்கருவிகளை அரசு 1904-இல் விலைக்கு வாங்கி இங்குச் சேர்த்தது. செப்புத்திருமேனிகள் முன் கூட்டம் மிகுதி. கற்கருவிகளின் முன்னே நாங்கள் மட்டுமே நின்றோம். கைக்கோடரியைப் பற்றுவதுபோல் தன் விரல்களை மடக்கிப் பார்த்தான் ஒரு சிறுவன்.

அந்தியில் திரும்பும் வண்டி பல்லாவரத்தில் நின்றது. “ஐயா, அந்தக் குழி எந்தப் பக்கம் இருந்தது?” என்று அவன் வினவினான். சன்னல் வழியே இருபுறமும் நோக்கினேன். விளக்கேற்றிய வீடுகள் தெரிந்தன, வண்டி நகர்ந்தது.