பெட்டியில் எழுதியிருக்கும் 45 டெராபைட்

கும்மிடிப்பூண்டி சிப்காட் என்றதும் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள்தான் நினைவுக்கு வரும். உலையின் வெக்கையைத் தாண்டினால் அங்கேயும் கணக்கு அறை உண்டு: எடைமேடை ரசீது, ஜிஎஸ்டி கணக்கு, சம்பளப் பட்டியல், வாசல் கேமராப் பதிவு. கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை திருவள்ளூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது; சர்வர் இருக்கும் கட்டடத்திலேயே நகலையும் வைப்பவர்கள் அதை நினைத்துப் பார்க்கலாம். கழற்றி வேறு ஊருக்கு எடுத்துப்போக, மின்சாரம் கேட்காமல் அலமாரியில் கிடக்க, இன்றும் டேப்தான் தோது.

எல்டிஓ-9 என்ற வகை டேப்பை எடுத்துக்கொள்வோம். 2021-இல் வந்தது. கையளவுப் பெட்டிக்குள் அரை அங்குல அகலத்தில் 1,035 மீட்டர் நாடா. 32 தடங்களை ஒரே நேரத்தில் எழுதியபடி அது முனைக்கு முனை ஓடும். நிரம்புவதற்குள் 280 ஓட்டம். ஆக, 8,960 தடங்கள்.

இதன் கொள்ளளவாக இரண்டு எண்கள் சொல்வார்கள்: 18 டெராபைட், 45 டெராபைட். உண்மையான இடம் 18தான். தகவல் இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு 45. டேலி கணக்கும் எழுத்துக் கோப்புகளும் நன்றாகச் சுருங்கும். கேமராப் பதிவு ஏற்கெனவே சுருக்கப்பட்டது. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு நீர் வரும்? மென்பொருளே குறியாக்கம் செய்து பூட்டி அனுப்பும் தகவலும் சுருங்காது. போதாக்குறைக்கு, இந்த 18-ஐ விண்டோஸ் ஏறத்தாழ 16.4 என்றே காட்டும். அது ஏமாற்றல்ல, பெட்டியில் ஆயிரத்தின் மடங்கு, கணினியில் 1,024-இன் மடங்கு.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நொடிக்கு 400 மெகாபைட் என்ற முழு வேகத்திலேயே ஒரு டேப் நிரம்பப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். சர்வர் மெதுவாகக் கொடுத்தால் நாடா நின்று, பின்னோக்கி ஓடி, மறுபடி கிளம்பும்; நேரமும் போகும், நாடாவும் தேயும்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை: பழைய இரும்பைத் தூக்கும் மின்காந்தக் கிரேனின் பக்கமே டேப்பைக் கொண்டுபோகாதீர்கள். தடம் காட்டும் காந்தக் குறிகளை டேப் தயாரிக்கும் ஆலையில்தான் எழுதுவார்கள். அவை அழிந்துவிட்டால் அந்த டேப்பில் மறுபடி எழுதவும் முடியாது.

கொட்டேஷன் கேட்கும்போது சுருக்காத அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். கேமராப் பதிவு அதிகமென்றால் 18-ஐ வைத்தே எத்தனை டேப் என்று முடிவு செய்யுங்கள்.