கீறலா? இருக்கட்டும் விடுங்க சார்!

எவர்சில்வருக்கு ஒரு நல்ல குணம், லேசில் துருப் பிடிக்காது. அதை வைத்தே 'இதுக்கு ஒண்ணுமே ஆகாது' என்று நாம் முடிவு கட்டி விடுகிறோம். உங்கள் வீட்டு டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கல்யாணச் சீரில் வந்தபோது முகம் பார்க்கலாம் போல இருந்தது. இன்று அதில் தேங்காய் நாரின் கையெழுத்துதான் முழுக்க!

டம்ளருக்காக யாரும் கவலைப்படுவதில்லை. அதே எவர்சில்வர் வாட்ச்சாகி மணிக்கட்டில் ஏறிவிட்டால்தான் வம்பு. ஒரு கீறல் விழுந்தால் ராத்திரி தூக்கம் போச்சு.

இரும்போடு குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக மேலே போர்த்திக் கொள்கிறது. கீறினால் படலம் கிழியும். காற்று பட்டதும் தானே மூடிக்கொள்ளும். ஆக, கீறல் அழகுக்குத்தான் கேடு, ஆயுளுக்கு இல்லை.

சரி, கீறுகிற ஆசாமி யார்? சாவிக்கொத்தும் சில்லறையும்தான் என்று நினைப்போம். பெரிய வில்லன் மணல்! 1812ல் மோஸ் என்ற ஜெர்மானியர் கடினத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மார்க் போட்டார். வைரத்துக்குப் பத்து. மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு ஏழு. நம் வாட்ச் ஸ்டீல் ஆறைத் தாண்டாது. விழுப்புரத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து வளவனூரில் வந்து இறங்குங்கள். வாட்ச் மேல் படிந்திருக்கும் தூசியில் மணலும் உண்டு. அதைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைக்கிறோமே, அது துடைப்பதல்ல. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது!

வளவனூர் கடைத்தெருவில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. ஒரு நாள் நான் அங்கே நின்றிருந்தபோது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் பழைய எச்.எம்.டி. ஒன்றை நீட்டினார்.

"எங்கப்பாவோடது. மாப்பிள்ளைக்குக் குடுக்கணும். புதுசு மாதிரி பாலிஷ் போட்டுடுங்க."

ரிப்பேர்க்காரர் கண்ணில் லென்ஸை மாட்டி, வாட்ச்சைக் கவிழ்த்துப் பார்த்தார். பின்மூடியில் பொறித்த ஒரு பெயர், பாதி தேய்ந்து கிடந்தது.

"அண்ணே, பாலிஷ்னா மேல பூசற சமாச்சாரம் இல்லே, சுரண்டி எடுக்கறது. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவையும் எடுத்தாத்தான் மறையும். கீறலும் போகும், கூடவே அப்பா பேரும் போயிடும். பரவாயில்லையா?"

வந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "துடைச்சு மட்டும் குடுங்க" என்றார்.

பி.காம். படித்த நான் 'தேய்மானம்' என்பதைக் கணக்கு நோட்டில்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது எச்.எம்.டி. 2016ல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அப்பா கட்டிய அதே வாட்ச் தொலைந்தாலும் தேய்ந்தாலும், போனது போனதுதான். பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பின்னால் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால், பெரும்பாலும் முதுகு மட்டுமே ஸ்டீல். உடம்பு பித்தளை, மேலே குரோமியம் முலாம். பாலிஷ் போட்டால் மஞ்சள் பல்லைக் காட்டி இளிக்கும்!

அப்படியானால் எப்படித்தான் வைத்துக் கொள்வது?

* முதலில் தூசியை ஊதுங்கள். பிறகு மெத்தென்ற துணியால் ஒற்றுங்கள். ஸ்டீல் செயினில் அழுக்கு சேர்ந்தால், செயினை மட்டும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் பவுடர் கிட்டேயே வரக்கூடாது.

* இரண்டு வாட்ச்சை ஒன்றாகப் போடாதீர்கள். ஸ்டீலுக்கு ஸ்டீலே எதிரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி துணிப்பை. நகைக்கடைச் சுருக்குப்பை போதும். செயினின் கொக்கி பின்மூடியில் உரசாமல் நடுவே ஒரு துணியை மடித்து வையுங்கள்.

* பழைய வாட்ச்சின் பிளாஸ்டிக் கண்ணாடியில் லேசான கீறலா? கொஞ்சம் டூத் பேஸ்ட் வைத்து மெதுவாகத் தேய்த்தால் மங்கும். நிஜக் கண்ணாடியில் இந்த வித்தை பலிக்காது.

* நீண்ட நாள் கட்டாத பேட்டரி வாட்ச்சில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். கசிந்தால் உள்ளே நாசம். சாவி கொடுக்கும் வாட்ச்சை ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள். காந்தம் ஏறினால் ஓட்டமே மாறிவிடும்.

கடைசியாக, வாங்கி வருஷக்கணக்காகியும் பின்மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமலே கட்டும் ஜாக்கிரதைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தாளுக்கடியில் வியர்வை தேங்கும். காற்று படாததால், அந்தக் குரோமியப் படலம் தன்னைச் சரிசெய்து கொள்ள முடியாது. எவர்சில்வரேகூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கீறலுக்குப் பயந்து அரிப்பை வாங்குவானேன்? பிரிங்க சார், வாட்ச்சும் கொஞ்சம் மூச்சு விடட்டும்!