படிப்பு, பந்து, பயணம்: தம்பதிகள் கலந்து பேச வேண்டியவை



ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் நின்று கவனியுங்கள். விடியுமுன் மூத்தவளை டியூஷனுக்கு எழுப்ப வேண்டும். இளையவனுக்கு ஆறு மணிக்குப் பந்துப் பயிற்சி. ஏழரைக்கு பஸ். சாயங்காலம் மறுபடியும் டியூஷன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணவீடு, இல்லாவிட்டால் கோயில் கொடை, அதுவும் இல்லாவிட்டால் திற்பரப்புக்கு ஒரு ஓட்டம். முன்காலம்போல் ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ள வீடுகள் இன்று காணக் கிடையாது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆனாலும் ஓட்டம் குறைந்தபாடில்லை. ஏன்?

பள்ளிக்கூடத்துக் காலண்டர் எல்லாருக்கும் ஒன்றுதான். வீட்டு வேலையின் காலண்டர் வீட்டுக்கு வீடு வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஆண்டைத் தொடங்கினால், இடிக்கிற இடத்தில் முதலில் குறைவது பிள்ளையின் தூக்கம். அடுத்தது விளையாட்டு. தாயின் ஓய்வு எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரிவதே இல்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்துத் தகப்பனார் கரையில் இருக்கும்போது பிள்ளைக்குக் கோடை விடுமுறை. குடும்பமாக வெளியூர் போக அவருக்கு அதுவே நேரம். தேங்காப்பட்டணத்துக்காரர் கரையில் இருக்கும்போதோ பள்ளி திறந்துவிடுகிறது. அவர் பயணத்துக்கு நாள் தேட வேண்டாம். பிள்ளையை மைதானத்துக்குக் கொண்டுபோய் விடவும், ராத்திரி பாடம் படிக்கையில் பக்கத்தில் இருக்கவும் இரண்டு மாதம் அவர் கையில் இருக்கிறது. அதைச் "சும்மா இருக்கிற காலம்" என்று அவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தூத்தூர் வட்டாரத்தில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் வீடு பார்ப்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தகப்பன் கிடைப்பதே அப்போதுதானே?

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் தோட்டத்தில் நிற்பார். காலையில் அவரால் உதவ முடியாது, மத்தியானத்துக்கு மேல் முடியும். தோவாளைப் பூக்காரர்களுக்கும் விடியுமுன்தான் சந்தை. வயல்காரர்களுக்குக் கன்னிப்பூ அறுவடை காலாண்டுத் தேர்வை ஒட்டியும், கும்பப்பூ அறுவடை பொதுத்தேர்வை ஒட்டியும் வரும். அண்டியாபீஸுக்குப் போகும் தாய் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புகிறாள். ஆகவே அடுத்த வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்து நீங்களும் செய்ய முடியாது. பள்ளி திறக்குமுன் இருவரும் உட்கார்ந்து, எந்த மாதம் யார் கைக்கு நேரம் வரும் என்று பேசிக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் போதும்.

பேசும்போது எதை முதலில் வைப்பது? தூக்கத்தை. 6 முதல் 12 வயது வரை ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டிய பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்பது மணிக்காவது படுத்திருக்க வேண்டும். பத்தரை வரை நீங்கள் டி.வி.யில் சீரியல் பார்த்துக்கொண்டு, "மக்கா, நீ போய்க் கிட" என்றால் அவன் எங்கே கிடப்பான்? படித்தது மூளையில் பதிவதற்கும் உடம்பு வளர்வதற்கும் தூக்கம் வேண்டும். காலை, மாலை இரண்டு டியூஷனும் தேவைதானா என்று வகுப்பு ஆசிரியரிடமே கேளுங்கள். ஒன்றை விட்டால் ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சம்.

அடுத்தது விளையாட்டு. 5 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் தினமும் சராசரி ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மைதானம்தான் வேண்டும் என்பதில்லை. சைக்கிளில் பள்ளி போவது, அறுத்த வயலில் பந்தடிப்பது, வீட்டு முற்றத்தில் கயிறு தாண்டுவது எல்லாம் கணக்கில் சேரும். பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் முதற்பகுதியில், மழையோடு மழையாக வரும். சேற்றில் வெறுங்காலோடு ஓடிக் காலில் கீறல் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆறும்வரை தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் நுழையும். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ்-டிப்தீரியா தடுப்பூசி போட்டாயிற்றா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரீட்சை வந்ததும் பல வீட்டில் பந்தைப் பரணில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம். நேரத்தைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். இதிலும் பெண்பிள்ளைகள் பாடுதான் மோசம். "அவ பெரிய பிள்ளையாயாச்சு, இனி என்ன ஓட்டம்?" என்ற பேச்சு படித்த வீடுகளில்கூடக் கேட்கிறது. மாதவிலக்கு நாட்களிலும், உடம்புக்கு முடியுமானால், விளையாடலாம். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஓடினால் சீக்கிரம் களைத்து, மூச்சு வாங்கி, கண்ணின் கீழிமை வெளுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதியுங்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 6-ஆம் வகுப்பு முதல் வாரம் ஒரு நாள் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, ஜன்னல் வழியே எறிகிறதா என்று விசாரியுங்கள். சாப்பிட்ட பிறகு சாப்பிட வேண்டும், சாயாவோடு கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

பயிற்சிக்குப் போகுமுன் ஒரு மட்டிப்பழமும் அவித்த சிறுபயறும் போதும். வந்தபின் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். டின்னில் வரும் பவுடருக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. ஒரு வேளை சாளைமீன் குழம்பும் மரச்சீனியும் அதைவிட மேல்.

இனி பயணம். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் ஒரு நாளை முன்கூட்டியே குறித்து வையுங்கள். நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறைகளும் உண்டு. அவற்றுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள், அதை மறந்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள். மண்டைக்காட்டுக் கொடை மாசியில், பொதுத்தேர்வை ஒட்டி வரும். தேர்வு எழுதும் பிள்ளையைப் பகலில் கூட்டிப்போய்ப் பகலிலேயே கூட்டி வாருங்கள். தூரத்து ஊர்தான் வேண்டும் என்றில்லை. மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை, பத்மநாபபுரம் அரண்மனை (திங்கட்கிழமை கிடையாது) எல்லாம் ஒரே பஸ் தூரம். ஞாயிற்றுக்கிழமை போனால் விளக்கு வைக்குமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

தண்ணீர் உள்ள இடத்துக்குப் போனால் ஒரு பெரியவர் வேறு வேலையில்லாமல், கையில் செல்போன் இல்லாமல், பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மலையில் மழை பெய்தாலும் பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தாலும் திற்பரப்பில் வெள்ளம் ஏறும். கடலோ இன்னும் மோசம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் என்று நம் கடற்கரைக்காரர்கள் சொல்வது அதைத்தான். எங்கோ தென்கடலில் வீசிய காற்றின் அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் வந்து ஏறும். அந்த நாட்களுக்கு ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்னெச்சரிக்கை கொடுத்திருந்தது. எனவே கிளம்புமுன் எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள், கரையில் உள்ள மீனவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் "வேண்டாம்" என்றால் மணலில் இருந்துவிட்டு வாருங்கள். யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறோ, மூடிய காலிக் கேனோ எறிந்துவிட்டுச் சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள், 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஒன்று விட்டுப் போயிற்று. பயணத்தன்று விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து எல்லாருக்கும் கட்டுச்சோறு கட்டுகிற தாய்க்கு அது விடுமுறை அல்ல, கூடுதல் வேலை. அன்று போகிற வழியில் ஒரு கடையில் தோசை வாங்கிச் சாப்பிடலாம். கட்டுச்சோறுதான் வேண்டும் என்றால் புளி கரைப்பதும் தேங்காய் துருவுவதும் தகப்பனார் பங்கு.