தன்னார்வத் தொண்டர்களிடையே சுழல்முறை நேர்காணல்

1. முன்னுரை

வினாநிரலை முன்னரே வகுத்துக்கொண்டு, அதனை எல்லாத் தகவலாளிகளிடமும் ஒரே வகையில் வினவுவது மொழியியல் கள ஆய்வில் நெடுநாளைய வழக்கம். ஒலிகளையும் சொல்வடிவங்களையும் திரட்டுவதற்கு அது ஏற்றதாகும். ஆனால், ஒரு குழுவினர் தம் செயலுக்குத் தாமே கொள்ளும் பொருளை அறிய முற்படும்போது அது போதுவதில்லை. வினாவில் உள்ள சொற்கள் ஆய்வாளருடையனவேயன்றித் தகவலாளியுடையன அல்ல என்பதே காரணம். இக்குறையை நீக்க உதவுவது சுழல்முறை நேர்காணல். சில நேர்காணல்கள், அவற்றின் எழுத்துப்படி, பகுப்பாய்வு, வினாத் திருத்தம், மீண்டும் நேர்காணல் என இது அமையும்.

2. கோட்பாட்டுப் பின்னணி

தரவு திரட்டலும் பகுப்பாய்வும் உடன்நிகழ வேண்டும். அடுத்து எவரைக் காண்பது என்பதை முந்தைய பகுப்பாய்வே முடிவு செய்ய வேண்டும் எனக் கிளேசரும் ஸ்ட்ராசும் 1967இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். வினவுதல் என்னும் செயலே ஒரு பேச்சு நிகழ்வு; அந்நிகழ்வு குறித்து ஒவ்வொரு சமூகத்திற்கும் தனி நெறிகள் உண்டு என 1986இல் சார்ல்ஸ் பிரிக்ஸ் எடுத்துக்காட்டினார். எனவே, எவ்வாறு வினவுவது என்பதையும் ஆய்வாளர் அச்சமூகத்திடமே கற்க வேண்டியுள்ளது.

3. ஓர் எடுத்துக்காட்டு

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் தொண்டர்கள் ஊதியமின்றி முதியோர்க்கு எழுத்தறிவித்தனர். அவர்களுள் ஒருவரிடம் 'எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள்?' என்று வினவுவதாகக் கொள்வோம். பேச்சு வழக்கில் 'வேலை' என்பது சம்பளத்தை உடன் நினைவூட்டும் சொல். 'அது வேலையில்லீங்க' என்னும் விடை வரின், அது விடை மறுப்பன்று, வினாவுக்கான திருத்தமேயாகும். தொண்டர் தாமே ஆளும் வினைச்சொல்லைக் கொண்டு அடுத்த சுற்றின் வினா அமைதல் வேண்டும்.

முதற்சுற்றில் 'நாங்கள்' என்னும் சொல் மிகுதியாக வருமாயின் அதுவும் நோக்கத்தக்கது. இது முன்னிலையாரை உளப்படுத்தாத தன்மைப் பன்மை. ஆய்வாளர் அதனுள் அடங்கார் என்பது தெளிவு. கற்றவர்களும் அதனுள் அடங்குவரா என்பது தெளிவன்று. இரண்டாம் சுற்றில் இதனை அவர்களிடமே கேட்டறியலாம்.

மூன்றாம் சுற்று, இடையில் விலகியோரை நாட வேண்டும். நிலைத்து நின்றவர் தம் நினைவுகளை உவந்து பகிர்வர். விலகியவர் தாமாக முன்வருதல் அரிது. அவர்களை விடுத்து எழுதப்படும் வரலாறு விழா மேடைப் பேச்சாகவே எஞ்சும்.

4. கருத்தில் கொள்ள வேண்டியவை

வினா மாறியபின் முன்னைய விடைகளையும் பின்னையவற்றையும் ஒன்றாக எண்ணிக் கூட்டுதல் பிழை. ஒவ்வொரு வினாவடிவையும் நாளிட்டுப் பாதுகாத்தல் வேண்டும். முதற்சுற்றுத் தகவலாளிகளை மீண்டும் காண்பதும் இன்றியமையாதது. புதிய கருத்து வரவில்லை என்பது மட்டும் ஆய்வை நிறுத்தப் போதிய காரணமாகாது. மாற்றுக் கருத்துடையோரைத் தேடிக் கண்ட பின்னரே அம்முடிவு ஏற்புடையது.

மேலும், கேட்டவர்க்கு இல்லையென்னாது நேரம் ஈந்து பழகியவர் தொண்டர். அவ்வியல்பையே ஆய்வாளர் தமக்கு வாய்ப்பாக்கிக் கொள்ளலாகாது. ஒவ்வொரு சுற்றிலும் இசைவைப் புதிதாகப் பெறுவதும், மறுக்கும் உரிமையை வெளிப்படையாகக் கூறுவதும் கடமையாகும்.

5. முடிவுரை

சுழல்முறை என்பது ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்பதன்று. விடையளிப்போர் வினாவைத் திருத்த இடமளிப்பதே அதன் உயிர்நிலை எனலாம்.