வாவிக்கரைச் சந்தை நகரம் காத்தான்குடி

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே சுமார் 6 கிலோமீற்றர் சென்றால் காத்தான்குடி. கிழக்கே கடல், மேற்கே வாவி; இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பிரதான வீதியின் நடுவே நடப்பட்ட பேரீச்சை மரங்களைக் கண்டதுமே வெளியூரார் இவ்வூரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். ஊரை அறிய விரும்புவோர் அம்மரங்களைக் கடந்து ஆற்றங்கரைப் பக்கம் செல்வதே நல்லது.

குடியிருக்கவே நிலம் போதாத ஊரில் வயலுக்கு இடமேது? மீன்பிடியும் கைத்தறியும் வணிகமுமே இங்கு வாழ்வளித்தன. நெல்லும் பாலும் விறகும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வந்தன. படுவான்கரைத் தமிழ் விவசாயிக்குத் துணிமணியும் கடைச் சாமான்களும் எழுவான்கரையிலிருந்து சென்றன. காத்தான்குடியார் பலருக்கு அக்கரையில் வயலும் மாடும் இருந்தன. இரு கரைகளையும் இணைத்தவை தோணிகளும், மட்டக்களப்பார் 'பாதை' என்றழைக்கும் மிதவைப் படகுமே.

கொடுக்கல் வாங்கலுக்கு அப்பாலும் ஓர் ஒற்றுமை உண்டு. இப்பிரதேசத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். கோயில் நிருவாகத்தில் வண்ணக்கரும், பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவழியாகவே பொறுப்பேற்றனர். மகளுக்கு வீடு கொடுப்பது இரு சமூகங்களிலும் இன்றுவரை எழுதாத சட்டம். காத்தான்குடியின் நில நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணமே.

யுத்தம் வாவியை எல்லைக்கோடாக்கியது. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் தமிழ்ப் பொதுமக்கள் அரச படையினரால் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் ஈடுபட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். படுவான்கரை 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அக்கரை வயல்களுக்குச் செல்ல இயலாமற்போனோர் பலர்; கிடைத்த விலைக்கு நெல்லை விற்ற விவசாயிகளும் பலர். ஒரே இழப்பின் இரு பக்கங்கள் இவை என்பதை இரு தரப்பு அரசியல்வாதிகளும் எடுத்துரைக்க முன்வரவில்லை.

2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை மண்முனைத் துறையில் 'பாதை'க்காகக் காத்துக் கிடந்தவர்கள் சில நிமிடங்களில் வாவியைக் கடக்கலாயினர். உழவு இயந்திரங்களும் பால் வண்டிகளும் நேராகவே எழுவான்கரைக்கு வந்து சேர்ந்தன.

ஐந்தாண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கானது. சூத்திரதாரி காத்தான்குடியைச் சேர்ந்தவர் என்பதால் ஊர் முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளானது. அந்நபரின் போக்கை எதிர்த்து இவ்வூர் முஸ்லிம்களே முன்னரே குரல் கொடுத்திருந்தனர் என்பதும், 2017 மோதலின் பின்னரே அவர் தலைமறைவானார் என்பதும் அந்த ஆரவாரத்தில் எடுபடவில்லை. முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்குமாறு நாடெங்கும் எழுந்த குரல் மட்டக்களப்பிலும் ஒலித்தது.

அந்தக் குரலுக்குச் செவிசாய்த்தவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கத் தவறினர். பெரும்போக அறுவடையில் படுவான்கரையின் நெல் ஒரே சமயத்தில் களத்துக்கு வருகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்வது அதில் ஒரு பகுதியைத்தான். மீதிக்கு வியாபாரிகளே கதி. அவர்களுள் ஒரு சாரார் ஒதுக்கப்பட்டால், எஞ்சியவர் சொல்வதே விலை. கடன்பட்டு விதைத்தவர் பேரம் பேசிக்கொண்டிருக்க இயலாது. ஈரம் உலருமுன்னரே மூடையை ஏற்றிவிடுவார்.