பட்டியல் கரைசேர 15 நிமிடம்

1987 மார்ச் 6, மாலை நேரம். பெல்ஜியத்தின் சீபுரூக்கே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கிளம்பிய ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ கப்பலின் முகப்புக் கதவுகள் மூடப்படவே இல்லை. மூட வேண்டிய மாலுமி தன் அறையில் தூங்கிப்போயிருந்தார். கதவு திறந்திருப்பதைக் கேப்டனுக்குக் காட்ட ஒரு சிறு விளக்குகூட அவர் நின்ற இடத்தில் இல்லை. கார்கள் நின்ற தளத்துக்குள் கடல் புகுந்தது; சில நிமிடங்களில் கப்பல் சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள்.

1994-இல் பால்டிக் கடலில் ‘எஸ்டோனியா’ என்ற கப்பல் மூழ்கி 852 உயிர்கள் போயின.

இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஐரோப்பாவில் விதிகள் கூடின. எல்லாமே தேவைப்பட்டு வந்தவைதான். ஆனால் காலப்போக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் ஒரே கப்பலை வெவ்வேறு சட்டங்களின்படி திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருந்தது. அலுமினியக் கப்பலுக்கு எந்த விதி என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து மாறியது. அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். எஃகு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். தீத்தடுப்புப் பூச்சோ உறையோ இல்லாமல் இரண்டையும் ஒன்றாக எண்ண முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் மூன்று சட்டங்களைக் கொண்டுவந்து இந்தச் சிக்கலை அவிழ்த்தது. அலுமினியக் கப்பலும் எஃகுக் கப்பலுக்குரிய தீப்பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்பது தெளிவாக்கப்பட்டது. உள்நாட்டுப் பயணங்களுக்கான பொதுவிதி 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களோடு நிறுத்தப்பட்டது. சிறிய படகுகள் பெரும்பாலும் மரத்தாலும் பைபர் கிளாஸாலும் ஆனவை. உள்ளூர் அலைக்கும் காற்றுக்கும் ஏற்ப அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு அந்தந்த நாட்டிடம் விடப்பட்டது. வாகனக் கப்பல்களின் சோதனைகளும் ஒழுங்குபடுத்தப்பட்டன.

சுமையைக் குறைத்த அதே சட்டங்கள், ஓரிடத்தில் பிடியை இறுக்கவும் செய்தன. முன்பு பயணிகளின் விவரம் கப்பல் நிறுவனத்திடம் இருக்கும். ஆபத்து நேரத்தில் மீட்புப் படை நிறுவனத்தைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். இப்போது 20 கடல் மைலுக்கு மேற்பட்ட பயணமானால், கப்பல் கிளம்பிய 15 நிமிடத்துக்குள் பட்டியல் மின்னணு வழியாக அரசிடம் சேர வேண்டும். பெயர், பிறந்த தேதி, நாடு எல்லாம் அதில் இருக்கும். பயணி விரும்பினால், அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும் என்ற தொலைபேசி எண்ணும்.